முதுகுக்கு வந்த ஜெபக்குழு

இனிமேல் மகளைத் தூக்குவதில்லை என்று கண்ணாடிக்காரர் முடிவெடுத்தார். சாதாரண முடிவல்ல. இடி விழுந்தாலும் அசையாத முடிவு. காலையில் பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது எடுத்தார். வாய் கொப்பளித்துத் துப்பியபோது அதுவும் சேர்ந்து வெளியே போய்விட்டது.

காரணம், கூடத்துச் சோபாவிலிருந்து "அப்பா" என்று ஒரு குரல். குரலோடு இரண்டு கைகள். அந்தக் கைகள் மேல்நோக்கி நீண்டால் அவருக்கு உலகத்தில் வேறெதுவும் கண்ணில் படாது. தூக்கினார். ஜன்னல்வரை கொண்டுபோனார். மதில்மேல் பூனை இருக்கிறதா என்று காட்டினார். பூனை இல்லை. பூனை வரும்வரை பிள்ளையை வைத்துக்கொண்டே நின்றார். உண்மையில் அந்த வீட்டில் மதில்மேல் பூனை அவர்தான்.

மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பது அவர் வேலை. நாள் முழுவதும் இருட்டறையில் நின்று, ஒரு வில்லையைப் போட்டு, எடுத்து, மறு வில்லையைப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்டுக்கொண்டிருப்பார். அத்தனை பேருக்கும் பார்வையைச் சரிசெய்கிறவருக்கு, தன் வீட்டில் எது தெளிவு என்று சொல்ல மட்டும் ஓர் ஆள் தேவைப்பட்டது. அந்த ஆள் மனைவி. பள்ளியில் கணக்கு டீச்சர்.

மகளுக்கு வீட்டில் சுண்டெலி என்று பெயர். ஏறக்கூடிய எதிலும் ஏறுவாள், நுழையக்கூடிய எதிலும் நுழைவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் போதகர் பிரசங்கத்தின் நடுவே "கடைசியாக" என்றார். அவர் "கடைசியாக" என்றால் இன்னும் நெடுநேரம் இருக்கிறது என்பது சபையில் பால்குடிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அந்த நேரத்தை வீணாக்க சுண்டெலிக்கு மனம் வரவில்லை. மாடிப் படிக்கட்டின் வழவழப்பான மரக் கைப்பிடியில் ஏறி உட்கார்ந்து சறுக்கினாள். சறுக்கல் நன்றாகத்தான் இருந்ததாம், முடிக்கத்தான் தெரியவில்லையாம். பிரசங்கத்துக்கும் அதே குறைதான் என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு அவள் சொன்னதைப் போதகர் கேட்டிருக்க மாட்டார் என்று நம்புவோம்.

முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்திருந்தது. மாவுக்கட்டு போட்டார்கள். பாடகர் குழுவினர் அதில் கையெழுத்துப் போட்டார்கள். வந்தவர்கள் எல்லாரும் ஜெபித்தார்கள், ஜெபித்தவர்கள் எல்லாரும் சாக்லேட் கொடுத்தார்கள். சுண்டெலி ராணியானாள். ராணிக்குப் பல்லக்கு வேண்டாமா? அப்பா பல்லக்கானார்.

கட்டைப் பிரித்தபோது கால் மெழுகுவர்த்திபோல் மெலிந்து வெளிறி இருந்தது. அதைப் பார்த்ததும் ராணியின் முகம் சுருங்கிவிட்டது. அது தன் கால் இல்லை, யாருடையதோ என்பதுபோல் பார்த்தாள். தரையில் ஊன்ற மாட்டேன் என்றுவிட்டாள். பிசியோதெரபி செய்கிற பெண் அதிகம் பேசாதவர். கணவனையும் மனைவியையும் வெளியே அழைத்து நாலே வார்த்தை சொன்னார்.

"எலும்பு நல்லா ஒட்டிடுச்சு. பயம்தான். அவளே ஊன்றி நடக்கணும். இப்படியே விட்டா கணுக்கால் இறுகிப்போயிடும், அப்புறம் வாழ்நாள் முழுக்க காலை இழுத்துக்கிட்டுத்தான் நடப்பா." பிறகு ஒரு கேள்வி. "வீட்டுல யாரு தூக்குறது?"

மனைவி கணவரைத் திரும்பிப் பார்த்தாள். பிசியோதெரபிக்காரரும் பார்த்தார். கண்ணாடிக்காரர் சுவரில் மாட்டியிருந்த எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்த்தார். அதுவும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

இங்கே அந்த வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். மனைவி சண்டை போடுகிற ரகமில்லை. குரலை உயர்த்த மாட்டாள். பாத்திரத்தை உருட்ட மாட்டாள். சொல்ல வேண்டியதையெல்லாம் சாயங்காலக் குடும்ப ஜெபத்துக்கென்று சேர்த்து வைப்பாள். எல்லாரும் கண்ணை மூடியதும், நேராக ஆண்டவரிடமே சொல்லிவிடுவாள். பக்கத்தில் முழங்காலில் நிற்கிற கணவர் என்ன செய்ய முடியும்? ஜெபத்தின் நடுவே "அப்படியில்லை ஆண்டவரே, நடந்தது வேறு" என்று குறுக்கே பேச முடியுமா? முடியாது. போதாக்குறைக்கு, கடைசியில் அவரும் "ஆமென்" சொல்ல வேண்டும். சொன்னால் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டதாகிறது. சொல்லாவிட்டால் இன்னும் மோசம். குளியலறைக் குழாயைப் பழுதுபார்க்க அவர் சம்மதித்தது அப்படித்தான். மாமனார் வந்து தங்கச் சம்மதித்ததும் அப்படித்தான்.

பிசியோதெரபிக்காரரைப் பார்த்துவிட்டு வந்த அன்றைய ஜெபத்தில், "பிள்ளைமேல் உள்ள பாசத்தால் பிள்ளையின் காலை மறந்துபோன உமது அடியானை நினைத்தருளும்" என்று ஒரு வரி வந்தது. அவர் ஆமெனை ஓர் இருமலோடு சேர்த்துச் சொன்னார்.

அவரும் கல்மனசுக்காரராக இருந்து பார்க்காமலில்லை. ஒருநாள் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். சுண்டெலியின் உதடு பிதுங்கியது. கட்டு அவிழ்ந்தது. மறுநாள் இரண்டு கைகளையும் சட்டைப்பைக்குள் நுழைத்துக்கொண்டு நின்றார். பை கிழிந்ததுதான் மிச்சம். ஒருமுறை தூக்கிக்கொண்டிருக்கும்போதே மனைவி வந்துவிட்டாள்.

"என்னங்க செய்றீங்க?"

"தூக்கல. பிடிச்சிருக்கேன்."

"அவ கால் தரையில படலையே."

"கொஞ்சம் உசரமாப் பிடிச்சிட்டேன்."

அன்றைய ஜெபம் வழக்கத்தைவிட நீளம்.

யோசனை கடையில் வைத்துத்தான் வந்தது. கண் பரிசோதிக்க வந்த ஒருவர் நாற்காலியில் உட்காருவதற்குள் ஏழு கடல் தாண்டினார். இடுப்பில் கை, முகத்தில் வேதனை. முதுகு பிடித்துக்கொண்டதாம். பேனா கீழே விழுந்தால்கூட வீட்டில் யாராவது எடுத்துத்தர வேண்டுமாம். அவருக்குத் தூரப் பார்வை சரியில்லை. ஆனால் அந்த இருட்டறையில் பளிச்சென்று தெளிவாகப் பார்த்தவர் கண்ணாடிக்காரர்தான். தூக்க மாட்டேன் என்றால் பிள்ளை மனம் உடையும். தூக்க முடியாது என்றால்? யார் மனமும் உடையாது. முதுகுதான் உடையும், அதுவும் பொய்யாக.

அந்தக் கடைசிச் சொல்தான் இடித்தது. அவர் பொய் சொல்லாதவர். ஞாயிறு பள்ளியில் சின்ன வயதில் பொய்க்கு எதிராகப் பேசிப் பரிசு வாங்கியவர். மூன்று வில்லை மாற்றுகிற நேரம் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். வலிக்கிறது என்று வாயால் சொல்லக் கூடாது. "ஆ" என்று மட்டும் சொல்லலாம். "ஆ" என்பது பொய்யாகாது. அது வெறும் உயிரெழுத்து.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தார். ஷூ கயிற்றை அவிழ்க்கக் குனிந்தார்.

"ஆ."

நிமிரவில்லை. மனைவி கையில் கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தாள். விடை சரியாக இருந்து, வழிமுறை தப்பாக இருக்கிற விடைத்தாளைப் பார்ப்பாளே, அப்படிப் பார்த்தாள்.

"முதுகா?"

"ஆ."

"பிடிச்சிடுச்சா?"

"ஆ."

அவள் பதறவில்லை. அதுதான் அவருக்குச் சற்றுக் கலக்கமாக இருந்தது. முதுகுக்கு மெத்தை ஆகாது என்று சொல்லி, கூடத்தில் கிடந்த கட்டிலிலிருந்து மெத்தையை உருவினாள். தலையணை ஆகாது என்று அதையும் உருவினாள். எஞ்சியது பலகை. அதில் அவரைச் சாய்த்தாள். இரவுச் சாப்பாட்டுக்கு உப்பில்லாத சூப் என்றாள். முதுகுக்கும் உப்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க வாயெடுத்தார். "ஆ" மட்டும் பேசுவதாகத் திட்டம் போட்டவர் வேறெப்படிக் கேட்பது?

எதிர்ச் சோபாவிலிருந்து கைகள் நீண்டன. "அப்பா, தூக்குங்க."

"ஆ," என்றார், அன்றைக்கு முதன்முறையாக உண்மையான வேதனையோடு.

சுண்டெலி அழுவாள் என்று நினைத்தார். அழவில்லை. கைகளைக் கீழே இறக்கிக்கொண்டு, சாவி கொடுத்தும் ஓடாத பொம்மையைப் பார்ப்பதுபோல் அவரைப் பார்த்தாள்.

ஜெப நேரம் வந்தது. அவர் படுத்தபடியே கண்ணை மூடிக்கொண்டார். மனைவி தொடங்கினாள்.

"அன்பின் ஆண்டவரே, இந்த நாளுக்காக ஸ்தோத்திரம். இந்த முதுகுக்காக ஸ்தோத்திரம். இத்தனை வருஷமாக வீட்டில் எந்த வேலைக்கும் வளையவிடாமல் இதைப் பத்திரமாகக் காத்து வந்தீரே, அதற்காக ஸ்தோத்திரம். இருக்கிற வலியையும் நீர் அறிவீர், இல்லாத வலியையும் நீர் அறிவீர். குணமாகும்வரை இவர் அசையாமல் கிடக்கும் பொறுமையைத் தாரும். தொலைக்காட்சிப் பக்கம் கழுத்தைத் திருப்பினால் நரம்பு இழுக்கும், ஆகவே அந்த ஆசையை இவரைவிட்டு அகற்றும். எழும்புகிற நாளில் தன் படுக்கையைத் தானே சுருட்டிவைக்கிற கிருபையையும் தாரும்."

"ஆமென்," என்றாள் சுண்டெலி, தெருவுக்கே கேட்கும்படி.

"ஆமென்," என்றார் அவர், பலகைக்கு மட்டும் கேட்கும்படி.

மறுநாள் கடைக்குப் போகவில்லை. காலைத் தேநீருக்குப் பிறகு அவருக்குத் தாகம் எடுத்தது. இது நடிப்பில்லை, மெய்யான தாகம். தண்ணீர்க் கூஜா மேசைமேல் இருந்தது. மேசை, சோபாவுக்கும் கட்டிலுக்கும் நடுவில். பள்ளிக்கு விடுப்பு எடுத்திருந்த மனைவி கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். இரண்டு முறை கூப்பிட்டார். பதில் இல்லை. சுண்டெலியும் கூப்பிட்டாள். மதில் தாண்டி அடுத்த தெரு நாய்க்குக் கேட்டது. அது குரைத்தது. கொல்லைக்குக் கேட்கவில்லை.

"அம்மாவுக்குக் காது கேக்கலப்பா."

"பரவாயில்லம்மா. பொறுத்துக்கிறேன்."

சோபாவின் ஸ்பிரிங் ஒன்று கிறீச்சிட்டது. அவர் ஓரக்கண்ணால் பார்த்தார். சுண்டெலி சோபாவின் கையைப் பற்றிக்கொண்டு நின்றாள். ஒரு காலில் நின்றாள். மெலிந்த காலை மெதுவாக இறக்கினாள். தரை கொதிக்கிறதா என்று பார்ப்பதுபோல் விரல் நுனியால் தொட்டாள். உதடு பிதுங்கியது.

கண்ணாடிக்காரர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். பார்த்தால் ஓடிவிடுவார். ஓடித் தூக்கிவிடுவார். வாய்க்குள் ஒரு ஜெபம் செய்தார். மனைவியின் ஜெபம்போல் நீளமில்லை. "விழக்கூடாது" என்ற ஒரே சொல், திரும்பத் திரும்ப.

பாதம் தரையில் உரசுகிற சத்தம். நின்றது. மறுபடியும் சத்தம். மேசை லேசாக ஆடியது. தண்ணீர் ஊற்றுகிற சத்தம். அதில் பாதி மேசையில் ஊற்றுகிற சத்தம். பிறகு பிடிமானமே இல்லாத இடைவெளி. மேசைக்கும் கட்டிலுக்கும் நடுவே பற்றிக்கொள்ள ஒன்றுமில்லை என்பது அவருக்குத் தெரியும். மூச்சை நிறுத்தினார். அந்த இடைவெளியைக் கடக்க அவளுக்கு எவ்வளவு நேரமாயிற்று என்று கேட்டால், அவர் கணக்கில் ஒரு பிரசங்க நேரம்.

காதில் குளிர்ந்த தண்ணீர் கொட்டியது. கண்ணைத் திறந்தார். கால் டம்ளர் தண்ணீரோடு, கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, சுண்டெலி நின்றிருந்தாள்.

"எந்திரிக்காதீங்க. நானே ஊத்துறேன்," என்றாள்.

வாயில் ஊற்றினாள். மூக்கிலும் ஊற்றினாள். அவர் குடித்தார். தண்ணீர் கொஞ்சம் கரித்தது. கண்ணிலிருந்து இறங்கியதும் அதில் கலந்திருந்தது. துள்ளி எழுந்து அவளைத் தூக்கிச் சுற்ற வேண்டும்போல் உடம்பு முழுவதும் பரபரத்தது. முழங்கை ஊன்றி எழப்போனார். கொல்லைக் கதவில் மனைவி நின்றிருந்தாள். வாயில் துணிக் கவ்விகள். அந்தக் கவ்விகளோடேயே மெல்லத் தலையை ஆட்டினாள். வேண்டாம் என்று. பிறகு கவ்விகளை எடுத்துவிட்டு நிதானமாகச் சொன்னாள்.

"அசையாதீங்க. முதுகு."

அவ்வளவுதான். எழுந்தால் பிள்ளை உட்கார்ந்துவிடுவாள், படுத்தால் நடப்பாள். ஆகவே படுத்தார்.

அன்றிலிருந்து கண்ணாடிக்காரருக்குத் தேவைகள் பெருகின. செய்தித்தாள் வேண்டும். படித்ததும் அதைத் திரும்ப வைக்க வேண்டும். மூக்குக்கண்ணாடி வேண்டும். இது வேண்டாம், அது வேண்டும். ஜன்னலில் பூனை இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். சுண்டெலி முதலில் சுவரைப் பிடித்து நடந்தாள். பிறகு விரலால் சுவரைத் தொட்டு நடந்தாள். பிறகு சுவரை மறந்துவிட்டாள். பலகையோ அவரை மறக்கவில்லை. உண்மையிலேயே அவருக்கு முதுகு வலிக்கத் தொடங்கியது. இப்போது மனச்சாட்சி உறுத்தாமல் "ஆ" சொன்னார்.

பிசியோதெரபிக்காரர் பிள்ளைக்குப் பயிற்சி கொடுக்க வந்தபோது, இவரையும் கொஞ்சம் பாருங்களேன் என்றாள் மனைவி. அவர் வந்து இரண்டு இடத்தில் அழுத்தினார். ஏதோ சொல்ல வாயெடுத்து, மனைவியின் முகத்தைப் பார்த்து, சொல்லாமல் விட்டார். பிள்ளை செய்கிற அதே பயிற்சியை இவரும் செய்யட்டும், பிள்ளையே சொல்லித்தரட்டும் என்றார். ராணிக்கு ஒரு குடிமகன் கிடைத்தான். கையில் அளவுகோலோடு கட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"அப்பா, முழங்காலை மடக்குங்க. இன்னும். பாதி மடக்கினா ஒட்டாது."

"போதும்மா, முடியல."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. அழக்கூடாது. அழுதா தூக்குவாங்கன்னு நினைக்காதீங்க."

இந்தக் கடைசி வாக்கியம் யாருடையது என்று அவருக்கு விளங்கியது. மனைவி சமையலறையில் பருப்புக் கடைகிறவள்போல் குனிந்துகொண்டாள். தோள் குலுங்கியது கடைந்ததால் இல்லை.

அடுத்து வந்தது சபையின் பெண்கள் ஜெபக்குழு. எதிர்வீட்டுத் தையற்காரம்மா தலைமையில், ஆளுக்கொரு தைலக் குப்பியோடு வந்தார்கள். கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து, ஒருவர் முடித்ததும் அடுத்தவர் என்று ஜெபித்தார்கள். ஒருவர் தண்டுவடத்துக்கு. ஒருவர் இடுப்புக்கு. மூன்றாமவருக்கு உறுப்பு மிச்சமில்லாததால் அவர் கோபக் குணத்துக்காக ஜெபித்தார். தைலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, முதுகு ஒருபக்கம் எரிந்து மறுபக்கம் ஜில்லிட்டது. தையற்காரம்மாதான் கடைசியாகப் பேசினார்.

"கவலைப்படாதீங்க தம்பி. ஞாயித்துக்கிழமைக்குள்ள எந்திரிச்சிடுவீங்க. ஆராதனையில சாட்சி சொல்லணும். போதகர்கிட்ட சொல்லியாச்சு."

சாட்சி. சபையின் முன்னால் நின்று, இன்ன வலி இருந்தது, இப்படிச் சுகமானது என்று வாயால் சொல்ல வேண்டும். அங்கே "ஆ" என்றால் எடுபடாது. படுத்திருந்தவருக்கு வியர்த்தது. வீட்டில் உயிரெழுத்தோடு நிறுத்திக்கொண்டவர், தேவாலயத்தில் போய் முழு நீளப் பொய்யா சொல்வது?

சனிக்கிழமை சாயங்காலம், சுண்டெலி வாசலில் பூனையின் பின்னால் நடந்துகொண்டிருந்தபோது, மனைவியைக் கூப்பிட்டார்.

"இங்க பாரு. எனக்கு ஆரம்பத்துல முதுகு வலியே இல்ல."

"தெரியும்."

"எப்ப இருந்து?"

"முதல் நாளே. ஷூ கழட்டக் குனிஞ்சப்பவே நீங்க தும்மினீங்க. முதுகு பிடிச்சவங்க தும்மல் வந்தா பேயைப் பார்த்த மாதிரி பயப்படுவாங்க. நீங்க ரசிச்சுத் தும்மினீங்க."

"பிறகு எதுக்கு என்னைப் பலகையில போட்ட?"

"பொய்க்கு எதுக்குங்க மெத்தை?"

"அந்த ஜெபக்குழு?"

"அத்தனை பேருக்கும் நாற்காலி இழுத்துப் போட்டது யாரு? தண்ணி கொண்டுவந்து குடுத்தது யாரு? வாசல்வரை போய் வழியனுப்பினது யாரு?"

கண்ணாடிக்காரர் யோசித்துப் பார்த்தார். சுண்டெலி. அத்தனையும் சுண்டெலி. கண்ணை மூடிக்கொண்டு தைலத்தில் ஊறிக் கிடந்ததால் அவர்தான் பார்க்கவில்லை. திட்டம் அவருடையது. அதை ஓட்டியவள் மனைவி. அவருக்கு ரோஷமும் வந்தது, சிரிப்பும் வந்தது. எது முதலில் வருவது என்று இரண்டும் அடித்துக்கொண்டன.

"சரி, நாளைக்கு நான் என்ன சொல்றது?"

"நடந்ததைச் சொல்லுங்க," என்றாள் அவள். வாசல் பக்கம் பார்த்துவிட்டுத் தொடர்ந்தாள். "நடந்தது அவதானே."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். எழுந்து முன்னால் போனார். ஒலிவாங்கியை வாங்கினார். சபை முழுவதும் அவர் முதுகைப் பார்க்க ஆசைப்பட்டு முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"எங்க வீட்டுல எல்லாரும் என் முதுகைப் பார்த்துக்கிட்டிருந்த நேரத்துல," என்று தொடங்கினார், "எங்க மக நடந்துட்டா. நான் படுத்திருந்தேன். அவ எனக்குத் தண்ணி கொண்டுவந்தா. இன்னைக்குப் படியில தானா ஏறி வந்திருக்கா. இதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியல."

சொன்னதில் ஒரு சொல் பொய்யில்லை. சபை "ஆமென்" என்றது. தையற்காரம்மா கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். போதகர் அதற்கு மேல் பேசுவதற்கில்லை என்று சொல்லிவிட்டு, மேலும் கொஞ்ச நேரம் பேசினார். கண்ணாடிக்காரர் மிதந்துகொண்டு இடத்துக்குத் திரும்பினார். பொய்யும் சொல்லவில்லை, மாட்டிக்கொள்ளவும் இல்லை, பிள்ளையும் நடக்கிறாள். திட்டம் என்றால் இதுவல்லவா திட்டம்.

ஆராதனை முடிந்து வெளியே வந்தார்கள். சுண்டெலி படியிறங்கினாள். யார் கையையும் பிடிக்கவில்லை. கடைசிப் படியில் நின்று, தானே தன்னை மெச்சிக்கொள்வதுபோல் ஒரு குதி குதித்தாள். கண்ணாடிக்காரருக்கு நெஞ்சு கொள்ளவில்லை. இப்போது தூக்கினால் என்ன? நடக்கிற பிள்ளையைத் தூக்கினால் என்ன குற்றம்? அது பல்லக்கு இல்லை, கொண்டாட்டம். இரண்டு கைகளையும் நீட்டினார்.

சுண்டெலி பின்வாங்கினாள்.

"வேண்டாம்ப்பா. முதுகு."

"சரியாப் போச்சும்மா."

"எனக்கும்தான் எலும்பு ஒட்டிடுச்சுன்னு சொன்னாங்க. உடனே ஓடினேனா? அவசரப்படக் கூடாது."

முதுகு பிடிக்கவே இல்லை என்று சொல்ல வாய் வந்தது. சொன்னால், பின்னே எதற்காகப் பலகையில் படுத்தீர்கள் என்று கேட்பாள். அதற்குப் பதில் சொன்னால், அடுத்த முறை அவருக்குத் தாகம் எடுக்கும்போது அவள் எழுந்து வருவாளா? நீட்டிய கைகள் அந்தரத்தில் நின்றன. அவற்றை என்ன செய்வதென்று தெரியாமல் மனைவியைப் பார்த்தார். கணக்கு டீச்சர் ஆழ்ந்து யோசித்தாள்.

"பிள்ளை சொல்றது சரிதாங்க. ஆடுற அசையுற எதையும் நீங்க தூக்கக் கூடாது, பிடிச்சிக்கும். அசையாம இருக்கிறதைத் தூக்கலாம்," என்றாள்.

வழியில் ஒரு கடைக்குள் நுழைந்து ஒரு வாரத்துக்கு வேண்டிய காய்கறியை வாங்கினாள். அந்தரத்தில் காத்திருந்த கைகளில் ஒன்றில் பையை மாட்டினாள். சுண்டெலி நான்கு அடி முன்னால் போய், திரும்பி நின்று, தலையைச் சாய்த்து அவரை மேலும் கீழுமாகப் பார்த்தாள்.

"அம்மா, அப்பா ஒரு பக்கமாச் சாயுறாங்க பாருங்க. இன்னொரு கையிலயும் ஒரு பை குடுங்க."